இரண்டிலும் 100 எம்பிபிஎஸ்: வீட்டு இணைப்பும் அலுவலக இணைப்பும் எங்கே பிரிகின்றன?

ஒரு சின்ன அலுவலகத்துக்கு இணைய இணைப்பு வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்தால் இரண்டு விதமான விலை வரும். தெருவில் ஏற்கெனவே ஓடும் ஃபைபரிலிருந்து 100 எம்பிபிஎஸ் என்றால் மாதம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே 100 எம்பிபிஎஸ் ‘லீஸ்டு லைன்’ என்ற பெயரில் வந்தால் பல மடங்கு கேட்பார்கள். இரண்டுமே ஃபைபர்தானே, இரண்டுமே 100தானே என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். பொய்யும் இல்லை. ஆனால் முதலாவதில் 100 என்பது உச்சவரம்பு, அதற்கு மேல் போகாது. இரண்டாவதில் 100 என்பது வாக்குறுதி, அதற்குக் கீழே போகக்கூடாது. மற்ற வேறுபாடெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில் கணக்கு

எம்பிபிஎஸ் என்பதில் வருவது மெகாபிட். கோப்பின் அளவைச் சொல்லும் எம்பி, மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு 12.5 எம்பி. தரவோடு ஒட்டி வரும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களுக்குக் கொஞ்சம் போய், கையில் கிடைப்பது 11 முதல் 12 எம்பி. “100 போட்டேன், 11தான் வருது” என்று புகார் செய்பவருக்கு இணைப்பு மிகச் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். 5 ஜிபி கோப்பு 100 எம்பிபிஎஸ்-இல் இறங்க 400 வினாடி, அதாவது ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு போதும்? நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5. நல்ல தரத்தில் ஒரு வீடியோ காலுக்குப் போக 4, வர 4 வைத்துக்கொள்ளலாம். டிவியில் 4கே ஓட, இரண்டு போன்களில் எச்டி வீடியோ ஓட, ஒருவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தால் மொத்தம் 30-க்குள் முடிகிறது. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 50 போதும், 100 தாராளம். 300-ம் 500-ம் பயன்படுவது 80 ஜிபி விளையாட்டை இறக்குகிற பிள்ளை இருக்கும் வீட்டில்தான். சட்டப்படி ‘பிராட்பேண்ட்’ என்று சொல்ல இந்தியாவில் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும். 2023 ஜனவரி வரை அது வெறும் 512 கேபிபிஎஸ். ஆகவே திட்டத்தின் பெயரில் பிராட்பேண்ட் என்ற சொல் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

என்னென்ன வழிகளில் வருகிறது

பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இன்னும் சில ஊர்களில் மிச்சம் இருக்கிறது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் ஏட்டளவில் 24 எம்பிபிஎஸ் தரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதில் பாதிகூட வராது. மழை பெய்தால் இணைப்பில் தண்ணீர் இறங்கி இரைச்சல் கூடும். ஃபைபர் வரும் தெருவில் இதை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு வருவது ஜிபான் வகை ஃபைபர். நிறுவனத்தின் பக்கம் ஓஎல்டி என்ற பெட்டி இருக்கும். அதன் ஒரு முனையிலிருந்து கிளம்பும் ஒற்றை ஃபைபர், தெருவில் ஸ்பிளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. வீட்டில் இருக்கும் ஓஎன்டி பெட்டி ஒளியை மின்குறியாக மாற்றுகிறது. அந்த ஒற்றை ஃபைபரில் கீழே வர 2.5 ஜிபிபிஎஸ், மேலே போக 1.25 ஜிபிபிஎஸ். இதை எல்லாரும் பங்கு போட வேண்டும். 64 வீடு, ஆளுக்கு 100 என்றால் 6.4 ஜிபிபிஎஸ் ஆகிறது. இருப்பதோ 2.5. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. எல்லா வீட்டிலும் ஒரே வினாடியில் முழு வேகத்தையும் யாரும் இழுப்பதில்லை, அந்த நம்பிக்கையில்தான் ஆயிரம் ரூபாய்க்குத் தர முடிகிறது. உண்மையான நெரிசல் பெரும்பாலும் ஜிபானில் வருவதில்லை. உள்ளூர் ஆபரேட்டர் தன் ஓஎல்டியிலிருந்து மேலே எடுக்கும் வரத்து குறுகலாக இருந்தால் அங்கேதான் வரும். காலையில் 95, இரவு 9 மணிக்கு 20 என்று விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் இந்தப் பங்கு விகிதத்துக்கு வரையறை சொன்னது: வீட்டு பிராட்பேண்டுக்கு 1:50, அதாவது ஒருவருக்கான வேகத்தை 50 பேர் வரை பகிரலாம்; தொழில் பிராட்பேண்டுக்கு 1:30. லீஸ்டு லைன் 1:1.

ஓஎன்டியின் விளக்குகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் புகார்கள் தீரும். ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. கம்பி அறுந்திருக்கும், அல்லது கனெக்டர் கழன்றிருக்கும். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ‘பான்’ விளக்கு நிற்காமல் மின்னினால் ஒளி வருகிறது, ஆனால் ஓஎல்டி இந்தப் பெட்டியை ஏற்கவில்லை. பான் நிலையாக எரிந்தும் இணையம் இல்லை என்றால் கணக்கு, கடவுச்சொல், கட்டணம் ஆகியவற்றில் ஒன்று.

ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று ஓர் எண் இருக்கும், வந்து சேரும் ஒளியின் வலிமையை டிபிஎம் அளவில், எதிர்மறையாகச் சொல்வது. −15 முதல் −24 வரை இருந்தால் கவலை இல்லை. −27-ஐ நெருங்கினால் விட்டு விட்டு அறுபடும். இந்த எண்ணை இணைப்புக் கொடுத்த அன்றே குறித்து வைப்பது நல்லது. ஸ்பிளிட்டரில் ஒளி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 3.5 டெசிபல் குறையும். பக்கத்து வீட்டுக்குப் புது இணைப்புக் கொடுத்த மறுநாள் நம் வீட்டில் −21 ஆக இருந்தது −24.5 ஆகிவிட்டது என்றால், நம் கம்பியை வெட்டி நடுவில் ஒரு ஸ்பிளிட்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொரு வழக்கமான கோளாறு, பச்சைக் கனெக்டரை நீலக் கனெக்டரோடு மாட்டிவிடுவது. பச்சை முனை 8 பாகை சாய்வாகச் செதுக்கப்பட்டது, நீலம் நேரானது. செருகினால் உள்ளே போகும், ஆனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். கதவிடுக்கில் நசுங்கிய ஃபைபரும், ஆணியைச் சுற்றி இறுக்கி வளைத்த ஃபைபரும் இதே வேலையைச் செய்யும். பிடுங்கிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

அடுக்குமாடிகளில் இன்னொரு வகை உண்டு. ஃபைபர் மாடிப்படி வரை வந்து அங்கே ஒரு ஸ்விட்சில் முடியும். அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் கேபிள். வேகம் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த ஸ்விட்சுக்கு மின்சாரம் வேண்டும். ஸ்பிளிட்டருக்கு வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால், நேராக வீட்டுக்கே ஃபைபர் வருபவர் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் மாட்டி வேலையைத் தொடரலாம். மாடிப்படி ஸ்விட்ச்காரர் வீட்டில் இன்வெர்ட்டரே இருந்தாலும் இணையம் வராது.

மொட்டை மாடியில் ஆண்டெனா வைத்து 5ஜி அலைவரிசையில் வாங்குவது ஏர்ஃபைபர். ஜியோ இதை 2023 செப்டம்பரில் சென்னை உட்பட 8 நகரங்களில் தொடங்கியது, ஏர்டெல் ஒரு மாதம் முன்பே டெல்லியிலும் மும்பையிலும். பெயரில் ஃபைபர் இருந்தாலும் கடைசித் தூரம் காற்றில்தான் வருகிறது. டவருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே புதுக் கட்டடம் எழும்பினால் வேகம் விழும். அதே டவரைப் பயன்படுத்தும் போன்கள் பெருகினாலும் விழும். அப்லோட் வேகம் டவுன்லோடை விடக் கணிசமாகக் குறைவு. ஆனாலும் தோண்ட வேண்டாம், கம்பம் வேண்டாம், ஓரிரு நாளில் வைத்துவிடலாம். வாடகை வீட்டுக்கும், ஃபைபர் எட்டாத புறநகர் மனைகளுக்கும் இது வரப்பிரசாதம். டேட்டா வரம்பை மட்டும் சின்ன எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும். ‘அன்லிமிடெட்’ ஃபைபர் திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு பரவலாக இருக்கிறது, ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி. 4கே படம் 15 எம்பிபிஎஸ்-இல் ஒரு மணி நேரம் ஓடினால் 6.75 ஜிபி. 1,000 ஜிபியில் தினம் ஐந்து மணி நேரம் ஒரே ஒரு டிவி பார்க்கலாம். வரம்பு தாண்டினால் இணைப்பு அறுந்துவிடாது, மாத முடிவு வரை ஊர்ந்து போகும்.

செயற்கைக்கோள் வழி, வேறு எதுவும் எட்டாத இடத்துக்கு மட்டும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகையில் ஒரு கேள்வி போய்ப் பதில் வரவே ஏறக்குறைய அரை வினாடி ஆகிவிடும். 550 கிலோமீட்டரில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்றவற்றில் அந்தத் தாமதம் இல்லை.

தாமதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிங் என்று காட்டும் மில்லி வினாடிக் கணக்கு, எம்பிபிஎஸ் கூட்டினால் குறையாது. ஃபைபரில் ஒளி ஒரு மில்லி வினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி வினாடி ஆகியே தீரும். விளையாட்டில் தாமதம் என்று 100-லிருந்து 500-க்குத் திட்டத்தை மாற்றுபவர் பணத்தைத்தான் மாற்றுகிறார்.

அலுவலகம் என்றால் அப்லோட்

வீடு பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும் இடம். அலுவலகம் அனுப்பும் இடமும் ஆகும். சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு 2 ஜிபி காலண்டர் கோப்பு அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் 27 நிமிடம், 100 என்றால் 2 நிமிடம் 40 வினாடி. விளம்பரத்தில் எழுதியிருப்பது டவுன்லோட் எண். “அப்லோடும் அதே வேகமா?” என்று தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். சில ஃபைபர் திட்டங்களில் இரண்டும் சமம், சிலவற்றில் பாதிகூட இல்லை.

அப்லோட் நிரம்பினால் டவுன்லோடும் படுத்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோப்பு இறங்கும்போது நம் கணினி ‘கிடைத்தது, கிடைத்தது’ என்று மேலே பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பேக்கப் மென்பொருள் அப்லோட் முழுவதையும் பிடித்துக்கொண்டால் அந்தப் பதில்கள் வரிசையில் நிற்கும், எதிர்முனை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாலை 6 மணிக்கு ‘நெட் ஸ்லோ’ என்று அலுவலகமே கத்தினால், அப்போதுதான் கிளவுட் பேக்கப் தொடங்குகிறதா என்று பாருங்கள். பேக்கப்பை இரவுக்குத் தள்ளி, அதற்கு அப்லோடில் 70 சதவீதம் என்று வரம்பு போட்டால் தீர்ந்தது.

20 பேர் அலுவலகத்துக்குக் கணக்குப் போடுவோம். ஒரே நேரத்தில் 10 பேர் வீடியோ காலில் இருந்தால் இரு பக்கமும் 40 எம்பிபிஎஸ். மின்னஞ்சல், இணையதளம், கிளவுட் மென்பொருளுக்கு ஆளுக்கு 2 வைத்தால் இன்னொரு 40. கேமராக்கள் அலுவலகத்திலேயே இருக்கும் பதிவுப் பெட்டியான டிவிஆரில் பதிவானால் இணையச் சுமை இல்லை. கிளவுடில் பதிவானால் 2 மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் சுமார் 2 எம்பிபிஎஸ், 8 கேமராவுக்கு 16, அதுவும் இரவு பகலாக, அப்லோடில். இரு பக்கமும் 100 வருகிற இணைப்பு இதற்குச் சரியாக இருக்கும். டவுன்லோட் 300, அப்லோட் 30 என்ற இணைப்பு இதே அலுவலகத்தில் திணறும்.

அடுத்தது நிலையான ஐபி, அதாவது இணையத்தில் மாறாத முகவரி எண். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைப்பு வந்து சேரும் பக்கம்) பகுதியில் தெரியும் எண்ணையும், ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் நீங்கள் பங்கு ஐபியில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் விபிஎன் என்ற பூட்டிய தனிவழி போட முடியாது, வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு சரியாக எழுதினாலும் வேலை செய்யாது. தனிக் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டும். வாங்கியதும் பலர் செய்யும் காரியம், வீட்டிலிருந்து டேலி கணக்கு மென்பொருளைப் பார்ப்பதற்காக, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை அப்படியே திறந்துவிடுவது. சர்வரைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழையும் முக்கிய வாசல்களில் அதுவும் ஒன்று. விபிஎன் போட்டு அதன் வழியாக மட்டும் போங்கள்.

லீஸ்டு லைனா, இரண்டு பிராட்பேண்டா

லீஸ்டு லைனில் ஒப்பந்தம் இருக்கும்: இரு பக்கமும் அதே வேகம், பங்கு இல்லை, நிலையான ஐபி சில, மாதத்தில் இத்தனை சதவீதம் இணைப்பு உயிரோடு இருக்கும் என்ற உறுதி. அந்தச் சதவீதத்தை மணிக் கணக்காக மாற்றிப் பாருங்கள். 99.5 என்றால் 30 நாளில் 3 மணி 36 நிமிடம் வரை போகலாம். 99.9 என்றால் 43 நிமிடம். தவறினால் பில்லில் ஒரு பகுதி கழிப்பார்கள், அன்று நின்றுபோன வியாபாரத்துக்கு ஈடு தரமாட்டார்கள். அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்டுவார்கள் என்பதுதான் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி. வீட்டு இணைப்பில் அந்த வரிக்குப் பதில், “நாளைக்கு ஆள் அனுப்புறோம் சார்”.

சொந்தமாக சர்வர் நடத்தாத, 20 பேருக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு லீஸ்டு லைன் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு சாதாரண இணைப்பும், இரண்டையும் ஒன்றாக ஏற்கும் இரட்டை வேன் ரவுட்டரும் அதைவிட மலிவு, பல நாள் அதைவிட நம்பகமும்கூட. ஒரு நிபந்தனை: இரண்டும் வேறு வேறு வழியில் வர வேண்டும். இரு நிறுவனப் பெயர்கள் இருந்தும் ஒரே தெருவிளக்குக் கம்பத்தில் தொங்கி வந்தால், மழைநீர் வடிகால் தோண்டும் ஜேசிபி இரண்டையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். ஒன்று ஃபைபர், இன்னொன்று ஏர்ஃபைபர் என்பது நல்ல ஜோடி.

ரவுட்டரில் மாற்றுவழி அமைக்கும்போது, வேன் போர்ட்டில் உயிர் இருக்கிறதா என்று பார்த்து மாறும்படி விடாதீர்கள். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் ஓஎன்டிக்குக் கரண்ட் இருக்கும்வரை அந்தப் போர்ட் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், ரவுட்டர் மாறவே மாறாது. 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்குப் பிங் போகிறதா என்று சோதித்து மாறும்படி வையுங்கள். இரண்டு இணைப்பையும் சேர்த்துச் சுமை பங்கிட்டால் வங்கித் தளங்கள் பாதியில் வெளியே தள்ளும், ஏனென்றால் நடுவில் ஐபி மாறிவிடுகிறது. ஒன்றை முதன்மையாகவும் மற்றதைக் காத்திருப்பிலும் வைப்பது தலைவலி குறைவு.

கம்பத்தைத் திட்டுவதற்கு முன்

300 எம்பிபிஎஸ் வாங்கியும் சரியாக 94-இல் நின்றால் குற்றம் நிறுவனத்துடையது அல்ல. எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் அல்லது கேபிள் இருக்கிறது. ‘300 எம்பிபிஎஸ் வைஃபை’ என்று அட்டையில் அச்சிட்ட மலிவு ரவுட்டர் பலவற்றில் பின்பக்கப் போர்ட் 100தான். லேன் கேபிளில் ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் ஒட்டியிருக்க வேண்டும், 100-க்கு நாலு போதும். கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியதில் (கிரிம்ப்) ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

சோதனையைக் கேபிளில் செய்ய வேண்டும். ஜிகாபிட் போர்ட் உள்ள மடிக்கணினியை நேரே ஓஎன்டியில் மாட்டி, வைஃபையை அணைத்து, காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை. ஊக்லா ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் சர்வரையே தேர்ந்தெடுக்கும், அது வீட்டு வாசல் வரை நடந்து பார்ப்பது மாதிரி. வேறு நிறுவன சர்வரை மாற்றி ஒரு முறை பாருங்கள். கேபிளில் சரியாக வந்து போனில் வராவிட்டால் சிக்கல் வைஃபையில்.

2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் எல்லாருடைய ரவுட்டரும் அதில்தான் மோதுகிறது. அதில் 40, 50 எம்பிபிஎஸ் வந்தாலே நல்லது. சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் வையுங்கள், நடுவில் உள்ளவை இரு பக்கமும் இடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவருக்கு மேல் போகாது. வாசல் பக்கம் செருப்பு அலமாரிக்கு மேல் ரவுட்டரை மாட்டிவிட்டு, பின்பக்கப் படுக்கையறையில் சிக்னல் இல்லை என்றால் திட்டத்தை உயர்த்திப் பயனில்லை. மாடிக்குக் கேட் 6 கேபிள் இழுத்து அங்கே வைஃபை பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் பெட்டி வைப்பதே நிரந்தரத் தீர்வு. கேபிள் இல்லாத ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுப்பதால் வேகம் பாதியாகும்.

இணைப்புப் போட வந்தவர் கிளம்பும் முன் சில தகவல்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ரவுட்டர் நிறுவனத்தோடு இணைய உதவும் பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும், ரவுட்டர் அமைப்பில் கேட்கும் விலேன் எண், அன்றைய ஆர்எக்ஸ் பவர், பகுதி ஆபரேட்டரின் போன் எண். சொந்த ரவுட்டருக்கு மாறும் நாளில் முதல் இரண்டும் இல்லாமல் ஒன்றும் நகராது. மாதக் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், 799 ரூபாய்த் திட்டம் 943 ஆகத்தான் வரும். ஓஎன்டி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. இணைப்பை முடிக்கும்போது திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி, பெட்டியின் வரிசை எண் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாவிட்டால் முன்பணம் திரும்பாது, சில சமயம் பெட்டிக்கும் பில் வரும்.